ரவிகிட்ட பேசுறதுக்கு முன்னாடி இத படி

டேய் மாப்ள சார்லஸ்,

எப்படி இருக்க, தங்கச்சி பிள்ளைங்க நல்லாருக்காங்களா. மஸ்கட் வெயிலப் பத்தி நான் கேக்கல, நீயும் சொல்லாத. நீ தெனம் அனுப்புற குட்மார்னிங் ரோசாப்பூவுக்கு நான் ஒரு கட்டவிரல் கூட காட்டலன்னு தங்கச்சிகிட்ட பொலம்புனியாமே, கடையில அட்மிஷன் சீசன்டா, காலைல ஷட்டரத் தூக்குனா வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்றுன்னு நைட்டு வரைக்கும் ஸ்கேனர் சூடு ஆறாது. அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் வச்சு நடக்குது, வாய் மட்டும் வாக்கர் இல்லாமலே ஓடுது. சரி அது கெடக்கட்டும்.

விஷயத்துக்கு வரேன். நம்ம பசங்க காசு சேத்து ஏழப் பிள்ளைங்களப் படிக்க வைக்கிற குரூப்ல எழுதுனா ரவி சண்டைக்கு வருவான், கணேசன் கும்பிடு போட்டுட்டு ஓடிருவான், அதான் உனக்குத் தனியா. நீளமாத்தான் இருக்கும், டீ வாங்கி வச்சுக்க.

நம்ம பூக்காரம்மா மக, சின்னவ, அஞ்சாவது படிக்கிறப்ப நம்ம எடுத்த பிள்ள, அதுக்கு ஒரகடத்துல வேலைன்னு போட்டோ போட்டேன்ல. ஆஃபர் லெட்டர் பிரிண்ட் எடுக்க நேரா நம்ம கடைக்குத்தான் வந்துச்சு. நீ அழுமூஞ்சி எமோஜியா போட்டுத் தள்ளுன, கணேசன் 'நம்ம வளத்த பிள்ள'ன்னு போட்டான், அவன் கடைசியா பணம் போட்டது எப்பன்னு பாஸ்புக்கப் பாத்தாத் தெரியும். ஆனா அந்த போட்டோவுல ஓரமா ஒருத்தி நின்னா பாத்தியா, இடுப்புல பிள்ளையோட? அதான் அக்கா. இந்த லெட்டரே அவளப் பத்தித்தான்.

நம்ம மொத மொத அந்த வீட்டுக்குப் போனப்ப அவ வீட்டுல இல்ல, ஞாபகம் இருக்கா. ஒம்பதாவதோட நிப்பாட்டி, அந்தப் பொங்கலுக்கு முன்னாடியே மில்லுக்கு அனுப்பிட்டாங்க. நம்ம பக்கம் தெரியாததா, மூணு வருஷம் மில்லு ஹாஸ்டல்லயே தங்கி வேல பாரு, கடைசில கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை, அதுக்கு சுமங்கலித் திட்டம்னு பேரு வேற. இவளுக்கு அந்த மூணு வருஷம் முடிய கொஞ்ச நாள் இருக்குறப்ப டெங்கு வந்து வீட்டுக்கு வந்துட்டா, அவ்வளவுதான், தொகை இல்லன்னுட்டாங்க. அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ள, இப்ப விடியக்காலம் அவங்க அம்மாவோடவே மல்லி மொக்கு பறிக்கப் போறா, ஏழு மணிக்குள்ள மார்க்கெட்டுக்குப் போகலன்னா வெல போயிரும்ல.

அன்னைக்குக் கடையில என்னாச்சுன்னா, தங்கச்சி லெட்டர என்கிட்ட காமிச்சுட்டு ஆன்லைன்ல ஏதோ ஃபார்ம் நெரப்பிக்கிட்டு இருக்கு, இவ அந்தப் பேப்பர எடுத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ வெரல வச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. சிடிசின்னு, அதான் கம்பெனி சொல்ற மொத்தச் சம்பளக் கணக்கு, அந்த எடத்துல நின்னுட்டு, "இந்தக் காசுல கைக்கு எவ்வளவுடி வரும்?"னு கேட்டா. சத்தமா. மில்லுல மெஷின் பக்கத்துல நின்னவங்க அப்படித்தான் பேசுவாங்க, கடையில இருந்த எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, தங்கச்சிக்கு மூஞ்சி செவந்து போச்சு. எனக்கு என்னமோ அந்தக் கேள்வி புடிச்சிருந்துச்சு, நம்ம பசங்கள்ல எத்தன பேரு மொத வேலைல சேரும்போது பிஎஃப் போக கைக்கு என்ன வரும்னு கேட்டோம் சொல்லு. அப்புறம் தங்கச்சி வெளிய போன் பேசப் போனப்ப கிட்ட வந்து, இந்தத் தடவ மெதுவா, "அண்ணே, நான் பத்தாவது எழுதணும்ணே, என்ன செலவாகும்?"னா.

இருவத்தாறு வயசுடா அவளுக்கு. நான் என்ன சொல்றதுன்னே தெரியாம ஸ்டேப்ளர நோண்டிக்கிட்டு இருந்தேன்.

குரூப்ல லேசா தூண்டில் போட்டுப் பாத்தேன். ரவி ஒடனே, "சைல்டு ஸ்பான்சர்ஷிப்னா சைல்டுக்குத்தான், 12 வயசுக்குள்ள, வீட்டுக்கு ஒண்ணு, ஆரம்பத்துலயே பேசுனதுதான"ன்னுட்டான். ரவி சொல்றதுல ஞாயம் இல்லன்னு சொல்லமாட்டேன். சில பெரிய அமைப்புங்க ரூலும் அப்படித்தான். ஓசூர் பக்கம் பாலிகானப்பள்ளில சாந்தி பவன்னு ஒரு ஸ்கூல் இருக்குல்ல, ஆபிரகாம் ஜார்ஜ்னு மிலிட்டரி ஆபிசரா இருந்து அப்புறம் அமெரிக்கால பிசினஸ் பண்ணவரு 1997ல ஆரம்பிச்சது, அங்கயும் வீட்டுக்கு ஒரு பிள்ளதான். நாலு வயசுல எடுத்து, அங்கயே தங்க வச்சு, காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் அவங்க பொறுப்பு. ஒரு பிள்ளைய முழுசாத் தூக்கிவிட்டா அது மத்த எல்லாரையும் தூக்கும்ங்கறது அவங்க கணக்கு. எத்தனையோ வீட்டுக்குப் போகணும்னா வேற வழியும் இல்லதான். நம்ம கவர்மெண்ட்டு முதல் பட்டதாரி சலுகையும் அதே மாதிரிதான், 2010ல வந்ததுலருந்து எத்தன பேருக்கு நானே அப்ளை பண்ணிக் குடுத்துருக்கேன், வீட்டுல ஒருத்தருக்குத்தான். சின்னவ அத வாங்கிட்டா, அதனால அவ தம்பிக்குக் கெடையாது. அவன் கவர்மெண்ட் ஸ்கூல்ல பதினொண்ணு படிக்கிறான், அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு வந்தா ஃபீஸ அரசாங்கமே கட்டிரும், அந்தத் தைரியத்துல இருக்கான்.

ஆனா மாப்ள, அந்த 'ஒருத்தர்' தலையில எவ்வளவு பாரம்னு பாரு. சின்னவளுக்கு இன்னும் மொத சம்பளமே வரல, அதுக்குள்ள அப்பா வாங்குன கடன், அக்காவோட அடகு நகை, ஒழுகுற கூரைன்னு எல்லாத்தையும் அது மேல எழுதியாச்சு. நம்ம எடுத்தது அதத்தான், ஆனா அது பின்னாடி இருக்குற ஆளுங்க காணாமப் போயிருவாங்களா?

எம் மகதான் எக்னாமிக்ஸ் படிக்கிறாளே, இதச் சொன்னப்ப ஒரு ஆராய்ச்சிய எடுத்து வச்சு எனக்குக் கிளாஸ் எடுத்துட்டா. கம்பேஷன்னு பெரிய அமைப்பு, கொரியா சண்டையில அனாதையான பிள்ளைங்களுக்காக 1952ல ஆரம்பிச்சது, அது மூலமா ஸ்பான்சர் ஆன பிள்ளைங்க பெருசான பெறகு என்ன ஆனாங்கன்னு ப்ரூஸ் விடிக்னு ஒரு பேராசிரியரும் கூட ரெண்டு பேரும் இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலான்னு ஆறு நாட்டுல போய் 10,144 பேரு வெவரத்த எடுத்துருக்காங்க. 2013ல வந்துச்சு. ஸ்பான்சர் கெடச்ச பிள்ளைங்க சராசரியா 1.03லருந்து 1.46 வருஷம் கூடுதலா படிச்சிருக்குங்க, பள்ளிக்கூடத்த முழுசா முடிச்சவங்க நூத்துக்குப் பன்னெண்டுலருந்து பதினெட்டுப் பேரு கூட. பெருசான பெறகு ஆபீஸ் வேல மாதிரி மாசச் சம்பளத்துக்குப் போனவங்களும் கூட. "ஒரு வருஷந்தானாடி?"ன்னு கேட்டேன், "சராசரிப்பா, பத்தாயிரம் பேருக்கு"ன்னு மொறச்சா.

அதெல்லாம் சரி, யாரோட ஒப்பிட்டு இந்தக் கணக்குன்னு கேட்டேன். அதுலதான்டா எனக்குத் தூக்கம் போச்சு. அந்தத் திட்டம் ஊருக்குள்ள வரும்போது 12 வயசத் தாண்டுன பிள்ளைங்கள எடுக்கமாட்டாங்களாம். அதனால அதே வீட்டுல வயசு தாண்டிப் போன அண்ணன் அக்காங்கள எடுத்து, அதே அப்பா, அதே அம்மா, அதே சோறு, ஸ்பான்சர் மட்டும் இல்ல, இவங்க எவ்வளவு படிச்சாங்க அவங்க எவ்வளவு படிச்சாங்கன்னு பாத்துருக்காங்க. தங்கச்சி எவ்வளவு ஒசந்துருக்கான்னு அளக்குறதுக்கு அக்காவப் பக்கத்துல நிப்பாட்டிருக்காங்கடா. ஆராய்ச்சிக்கு அது சுத்தமான வழிதான், மக நல்லாப் புரிய வச்சா, தப்பே சொல்ல முடியாது. எனக்கு மட்டும் வெரல வச்சு எழுத்துக் கூட்டுனவ மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்குது.

அதே விடிக் இன்னொண்ணும் பண்ணிருக்காரு, ஜகார்த்தாவுல குடிசப்பகுதிப் பிள்ளைங்ககிட்ட கலர் பென்சில் டப்பாவக் குடுத்து, மழையில நீ நிக்கிற மாதிரி படம் போடுன்னு சொல்லிருக்காங்க. ஸ்பான்சர் உள்ள பிள்ளைங்க படத்துல சந்தோஷமும் நம்பிக்கையும் கூடத் தெரிஞ்சுச்சாம். பென்சில்னு அவ சொன்னதும் எனக்கு ஒன்னத்தான் ஞாபகம் வந்துச்சு. ஒன்ன ஸ்பான்சர் பண்ண ஜெர்மன் அத்தை! கிறிஸ்மசுக்கு பார்சல்ல வந்த அந்த க்ரேயான நீ தலகாணிக்குள்ள ஒளிச்சு வச்சு, அது வெயில்ல உருகி, வார்டன் ஒன்ன... சரி விடு, ஒன் வீட்டுத் தங்கச்சி இதப் படிச்சாலும் படிக்கும். 1959லயே கிண்டர்நோட்ஹில்ஃபேன்னு ஜெர்மனில இந்தியப் பிள்ளைங்களுக்காகவே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அப்படி எத்தன போர்டிங்கு நம்ம மாதிரிப் பயலுகளுக்குச் சோறு போட்டுச்சு. வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டத அப்படியே பாத்து எழுதி அனுப்புனோமே, "நான் நலம். நன்றாகப் படிக்கிறேன்." நீ கணக்குல பதினேழு வாங்குன வருஷமும் நன்றாகப் படிக்கிறேன்தான். அந்தம்மா அத நம்புச்சா நம்பலையான்னு கெடையாது, எங்கயோ ஒருத்தி ஒம் பேரத் தெரிஞ்சு வச்சிருக்கான்னு நீ நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்ச பாரு, அது சோறு மட்டும் குடுத்தது இல்ல.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, ரவி சொல்றதுக்குள்ள நானே சொல்லிர்றேன். 1998ல சிகாகோ ட்ரிபியூன்காரங்க பல அமைப்பு மூலமா பிள்ளைங்கள ஸ்பான்சர் எடுத்து நேர்ல தேடிப் போய்ப் பாத்துருக்காங்க, மாலி நாட்டுல ஒரு பிள்ள செத்துப் போன பெறகும் அது பேர்ல பணம் வாங்கிக்கிட்டே இருந்துருக்காங்க. கம்பேஷனே 2017ல வெளிநாட்டுப் பணத்துச் சட்டச் சிக்கல்ல இந்தியாவ விட்டுப் போனப்ப 1.4 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க இருந்துச்சுங்க, ஒரு மாசம் இருந்தது அடுத்த மாசம் இல்ல. (ரமேஷ் அமெரிக்கா பாஸ்போர்ட் வாங்குனதும் அவன் பணமும் வெளிநாட்டுப் பணம் ஆகிப்போச்சு, ஆடிட்டர் வேண்டாம்னுட்டாரு, அவன் இன்னும் கோவமா இருக்கான், ஊருக்கு வந்தா பிரியாணி வாங்கிக் குடுத்துச் சரிபண்ணு.) அதனால தூரத்துல இருந்து போட்டோவுக்குப் பணம் போடுறத விட, பிள்ளைய நேர்ல தெரிஞ்ச நாலு பேரு சின்னதாச் செய்யறதுதான் நெலைக்கும்னு நான் நெனைக்கிறேன்.

அதுலயும் பாரு, நம்ம பணம் இப்ப எதுக்குத் தேவைப்படுதுன்னே மாறிப்போச்சு. நம்ம காலத்துல மத்தியானச் சோத்துக்காகவே பள்ளிக்கூடம் போனோம், இப்ப 2022லருந்து காலைல உப்புமா பொங்கலே பள்ளிக்கூடத்துல போடுறாங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சுட்டு காலேஜ் போனா பொண்ணுக்கு மாசம் ஆயிரம், 2024லருந்து பையனுக்கும் ஆயிரம். எட்டாவதுல என்எம்எம்எஸ்னு உதவித்தொகைப் பரீட்சைல செலக்ட் ஆனா வருஷம் 12,000. எல்லாம் இருக்குடா. ஆனா கடையில ஒக்காந்து நான் பாக்குறேன், ஆதார்ல ஒரு இனிஷியல் தப்பா இருக்கும், பேங்க் கணக்குல ஆதார் சேந்துருக்காது, கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சிருக்கும், அந்தப் பிள்ள சும்மா திரும்பிப் போகும். சின்னவளுக்கு நம்ம பண்ணதுல பாதி இந்த வேலதான், அதட்டி உருட்டி ஒவ்வொரு ஃபார்மையும் போட வச்சது. ஹாஸ்டல் மெஸ் பில்லும் பஸ் காசும் மீதி.

அக்காவுக்கு வேணுங்கறதும் அதான். நேரடித் தனித்தேர்வர்னு எழுதலாம், அறிவியல் செய்முறை வகுப்புக்கு மொதல்லயே பதியணும், அதுக்குப் போய் வருகை காட்டணும், அப்புறம் பரீட்சைக்கு ஆன்லைன் விண்ணப்பம். ஃபீஸ் ஒண்ணும் பெரிய காசு இல்ல. செலவு எங்கன்னா, செய்முறை வகுப்புக்குப் போற நாளெல்லாம் பூப்பறிக்கிற கூலி போகும், கைக்கொழந்தைய யாராச்சும் பாத்துக்கணும், கணக்கும் இங்கிலீஷும் யாராச்சும் சொல்லிக் குடுக்கணும். நம்ம ரிட்டயர்டு மேரி டீச்சர் சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க, காசு வேண்டாம்னாங்க, "ஒங்களையே தேத்துனேன், இவளத் தேத்த மாட்டேனா"ன்னு ஒரு குத்து வேற. புருஷங்காரன் மொதல்ல மொனகுனான், "படிச்சு கலெக்டரா ஆகப்போறா?"ன்னு. சின்னவ ஒரு பார்வ பாத்துச்சு பாரு, பய கப்சிப்.

எதுக்கு எழுதணும்னு அவகிட்ட நானும் கேட்டேன். அங்கன்வாடி வேலைக்கு, அந்த வேலைக்குன்னு ஏதாச்சும் சொல்லுவான்னு நெனச்சேன். "பாப்பா ஸ்கூல்ல சேக்குறப்ப ஃபார்ம்ல அம்மா படிப்புன்னு ஒரு கோடு இருக்குண்ணே"ன்னா, அவ்வளவுதான்.

ரவி பயப்படுறது புரியுது, அடுத்த வருஷத்துக்கு ரெண்டு பிள்ள லிஸ்ட்ல இருக்கு, வாத்தியார் வேற தெனம் கேக்குறாரு, இவளுக்குக் குடுத்தா நாளைக்கு வரிசையா எல்லா அக்காவும் வருவாங்கன்றான். வரட்டுமேடா. எத்தன பேரு வந்துருவாங்க.

வெள்ளிக்கிழம ஒனக்கு லீவுதான, ரவிக்குப் போன் போடு, அக்காவுக்கும் நம்ம பணத்துலருந்து குடுக்கலாம்னு குரூப்ல ஓட்டுப் போடச் சொல்லு. நீ சொன்னா கேப்பான். சாப்பாட்டுக்கு அப்புறமாக் கூப்புடு, பசில இருந்தா அவன் ரூல் பேசுவான். பணம் போடும்போது ரிமார்க்ஸ்ல 'ஹெல்ப் ஃபார் புவர்'னு எழுதித் தொலைக்காத, பேங்க்ல என்னய ஒக்கார வச்சுக் கேள்வி கேக்குறாங்க.

ஒண்ணு சொல்லிர்றேன், செய்முறை வகுப்புக்கு ஏற்கனவே அவளுக்குப் பதிவு பண்ணிட்டேன். ஓட்டு தோத்தாலும் கடைக் கணக்குல எழுதிக்குவேன், எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒளறிராத.

ஒன் மாப்ள
தேவா