படையிலிருந்து திரும்பிய பிள்ளைகளும் நம் அறிவுரைகளும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஒவ்வொரு பருவத்திலும் என் வகுப்புகளில் இரண்டு மூன்று முன்னாள் படைவீரர்களாவது இருப்பார்கள். அவர்களில் எப்போதாவது ஒருவர், கால அட்டவணையில் என் பெயரைப் பார்த்து வைத்திருந்து, வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் மேசையருகே வந்து தயங்கியபடி தமிழில் பேசத் தொடங்குவார். அப்படிப் பேசிய சிலரால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவர் தரைப்படையில் நான்காண்டுகள் பணியாற்றிவிட்டு வந்த இளைஞர். அந்தப் பருவத்தில் அவர் 10 அலகுகள் (பாடச்சுமையை அளக்கும் யூனிட்கள்) எடுத்திருந்தார். அதில் 4 அலகுகள் என் கால்குலஸ் வகுப்பு. பருவத்தின் பாதியில் அவருக்கு 'சி' கிடைக்கும் போலிருந்தது. சங்கக் கூட்டங்களில் கல்லூரி வழிகாட்டியாகப் பேசும் அவருடைய மாமா, "சி வந்தால் ஜிபிஏ கெட்டுவிடும், இப்போதே விலகி டபிள்யூ வாங்கிக்கொள், அடுத்த பருவம் ஏ வாங்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். (டபிள்யூ என்பது பாதியில் விலகியதற்கான குறி; சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவில் அது சேராது.) பெற்றோர் செலவில் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல அறிவுரை. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த இளைஞருக்கோ, விலகிய சில வாரங்களில், பருவத்தின் முதல் நாளிலிருந்து பெற்ற வீட்டு வாடகை உதவி முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லி முன்னாள் படைவீரர் நலத்துறையின் கடிதம் வந்தது.

நடந்தது இதுதான். ஜிஐ பில் என்ற சட்டப்படி, படைப்பணி முடித்தவர்களின் படிப்புக்கு அரசு கட்டணமும் வாடகை உதவியும் தருகிறது. வாடகை உதவி பெறுவதற்கு முழுநேரப் படிப்பில் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். வழக்கமான பருவத்தில் 12 அலகுகள் முழுநேரம் என்பதால், 7 அலகு எடுத்தவருக்கு உதவி உண்டு, 6 அலகு எடுத்தவருக்கு ஒரு டாலரும் இல்லை. நான்கு அலகு வகுப்பை விட்டதும் அவர் சரியாக 6இல் வந்து நின்றார். போதிய காரணம் காட்டாமல் விலகினால், விலகிய நாளிலிருந்து அல்ல, பருவத் தொடக்கத்திலிருந்தே கணக்கைத் திருத்துகிறார்கள். முதல் முறை விலகும்போது 6 அலகுகள் வரை ஒரு சலுகை உண்டு; அது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதை அவர் முந்தைய ஆண்டே பயன்படுத்திவிட்டிருந்தார். கணித ஆசிரியராக இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது: அவர் கடைசி நாள் வரை வகுப்புக்கு வந்து, தேர்வெழுதி, 'எஃப்' வாங்கியிருந்தால்கூட அந்தக் கடன் வந்திருக்காது. தோல்வியடைந்த பாடத்தை மீண்டும் எடுக்கவும் அரசு பணம் தந்திருக்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை என்பதுதான் இதில் வருத்தம். நாம் கூட்டம் போட்டுச் சொல்லிக் கொடுக்கும் கல்லூரி அறிவுரைகள் எல்லாம், பெற்றோர் கட்டணம் கட்ட, வீட்டு மாடியறையில் தங்கிப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து உருவானவை. இருபத்தைந்து வயதில், படையிலிருந்து விடுபட்டு, தன் வாடகையைத் தானே கட்டிப் படிக்கும் ஒருவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது. சில நேரடியாகவே இழப்பை உண்டாக்கும்.

தமிழ்க் குடும்பங்களிலிருந்து யார் அமெரிக்கப் படைக்குப் போகிறார்கள் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்துக்கொள்ளும் மேவ்னி என்ற திட்டம் 2009இல் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்டது. அதற்குத் தகுதியான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மலையாளமும் சிங்களமும் இருந்தன. மாணவர் விசாவில் வந்து, அந்த வழியில் சேர்ந்து, குடியுரிமை பெற்றவர்கள் நம்மிடையே உண்டு. இங்கேயே பிறந்து, பதினெட்டு வயதில் வீட்டாரோடு வாதாடிச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. நம் கண்ணில் அவர்கள் படாததற்குக் காரணம் எண்ணிக்கைக் குறைவு மட்டுமல்ல. பொங்கல் விழாவில் "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "படிக்கிறான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறோம். படை என்பதை ஒருமுறை மறைத்தோம், சமுதாயக் கல்லூரி என்பதை இன்னொருமுறை மறைக்கிறோம்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி நிலையம் என்ற நினைவே பலருக்கும் வரும். இங்கே அது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் தருகிற கல்லூரி. கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள், குறித்த மதிப்பெண்ணோடு இங்கிருந்து வருபவர்களுக்கு இடத்தை உறுதியே செய்து தருகின்றன. 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜிஐ பில் சட்டத்தால், 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போரிலிருந்து திரும்பியவர்களாக இருந்தார்கள். 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கிய குடியரசுத் தலைவர் ஆணையத்தின் அறிக்கை வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது, 2009 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்த புதிய ஜிஐ பில். மூன்றாண்டு பணி முடித்தவருக்கு 36 மாதங்களுக்கு முழு உதவி கிடைக்கும்: அரசுக் கல்லூரியில் மாநிலக் கட்டணம் முழுவதும், ஆண்டுக்கு 1,000 டாலர் வரை புத்தகச் செலவு, மாத வாடகை உதவி. குறைவான காலம் பணியாற்றியவர்களுக்கு விகிதம் குறையும். 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ படையிலிருந்து விடுபட்டவர்களுக்குக் கால வரம்பு கிடையாது. ஆகவே "உடனே சேராவிட்டால் போய்விடும்" என்று அவசரப்படுத்த வேண்டியதில்லை.

இந்த 36 மாதக் கணக்கை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் அறிவுரைகள் பெரும்பாலும் இதில்தான் இடறுகின்றன. செலவிடப்படுவது பணமல்ல, மாதங்கள். கலிபோர்னியாச் சமுதாயக் கல்லூரியில் அலகுக்கு 46 டாலர். 12 அலகுக்கு 552 டாலர். அதற்குக் கழிக்கப்படும் மாதங்களும், அதைவிடப் பல மடங்கு கட்டணம் உள்ள பல்கலைக்கழகப் பருவத்துக்குக் கழிக்கப்படும் மாதங்களும் ஒன்றே. இதைக் கேட்டதும், "அப்படியானால் நேரே பல்கலைக்கழகத்துக்கே போகலாமே" என்று கணக்குப் போடத் தோன்றும். ஆறேழு ஆண்டுகள் பாடப்புத்தகத்தைத் தொடாத ஒருவர் நேரே போய் முதல் பருவத்திலேயே தடுமாறினால் அந்த மாதங்களும்தான் வீண். சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு, அதாவது 18 மாதங்களில் முடித்து, மீதி 18 மாதங்களோடு பல்கலைக்கழகம் போவதே சரியான திட்டம். இங்கேயே மூன்றாண்டு இழுத்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது 9 மாதம். ஆகவே அவர் படித்தே ஆக வேண்டியவை எவை, தவிர்க்கக் கூடியவை எவை என்பதை முதல் பருவத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். படையில் பெற்ற பயிற்சிகளைக் கல்லூரி அலகுகளாக மாற்றப் பரிந்துரைக்கும் கூட்டுப்படைச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. விமானப்படையினருக்கு அப்படையின் சொந்தச் சமுதாயக் கல்லூரியே சான்றிதழ் தரும். அதைக் கேட்டு வாங்காமல், ஏற்கெனவே கற்றதை மறுபடியும் உட்கார்ந்து படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"வீட்டிலிருந்தபடியே எல்லாவற்றையும் இணையத்தில் படி, செலவு மிச்சம்" என்பது இன்னொரு அறிவுரை. வாடகை உதவி கல்லூரி இருக்கும் இடத்தின் வாடகை நிலவரத்தை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. எல்லா வகுப்பும் இணையவழி என்றால், ஊர் எதுவானாலும் தேசிய சராசரியில் பாதிதான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி போன்ற இடங்களில் இந்த இரண்டுக்கும் இடையே மூன்று மடங்குக்கும் அதிகமான வேறுபாடு உண்டு. ஒரே ஒரு வகுப்பையாவது வளாகத்துக்கு வந்து படித்தால் உள்ளூர்க் கணக்குப் பொருந்தும். வாரம் இரண்டு நாள் கல்லூரிக்கு வந்துபோகும் பெட்ரோல் செலவை மிச்சப்படுத்தி, மாதம் ஆயிரக்கணக்கான டாலரை இழக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'சி' வாங்கிய பாடத்தை 'ஏ'க்காகத் திரும்ப எடுக்கச் சொல்வதும் அப்படியே. பாடத்திட்டமே உயர்ந்த மதிப்பெண் கேட்டாலொழிய, தேறிய பாடத்துக்கு மறுபடி பணம் கிடையாது. ஆர்வத்துக்காக எடுக்கும் பாடத்துக்கும் கிடையாது. அறிவிக்கப்பட்ட பட்டத்துக்குத் தேவையான பாடங்களை மட்டுமே கல்லூரியின் சான்றளிக்கும் அலுவலர் நலத்துறைக்கு அனுப்புவார். இந்த அலுவலருக்குத் தெரியாமல் ஒரு முன்னாள் படைவீரர் பாடத்தைச் சேர்க்கவோ விடவோ கூடாது. என் அனுபவத்தில் பேராசிரியர்களைவிடவும் துறைத் தலைவரைவிடவும் அவருக்கு வேண்டியவர் அந்த ஒருவர்தான்.

வாடகை உதவி மாத முடிவில்தான் வரும். முதல் மாதம் வகுப்பு நடந்த நாட்களுக்கு மட்டும் வரும். பருவங்களுக்கு இடைப்பட்ட விடுமுறைக்கு 2011 முதல் எதுவும் வருவதில்லை. டிசம்பர் நடுவில் வகுப்பு முடிந்து ஜனவரி இறுதியில் தொடங்கும் கல்லூரியில், பிப்ரவரி தொடக்கத்தில் கையில் கிடைப்பது சில நாள் பணம். வீட்டுக்காரர் அந்த விடுமுறையை ஏற்பாரா? படிப்பவர் மாதந்தோறும் குறுஞ்செய்திக்குப் பதிலனுப்பித் தாம் படிப்பதை உறுதி செய்யவும் வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் உதவி நின்றுவிடும். குடும்பக் கைபேசித் திட்டத்திலிருந்து பிள்ளையின் எண்ணை மாற்றும் பெற்றோர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கல்லூரிகளில் உள்ள உதவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு மையம் இருக்கும். பாடங்களுக்குப் பதிவு செய்ய முன்னுரிமை இருக்கும். வரியில்லாத ஊதியத்தில் பகுதிநேர வேலையும் கிடைக்கும். பணியால் ஏற்பட்ட இயலாமை 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட்டவர், ஜிஐ பில்லைத் தொடுவதற்கு முன் தொழில் மறுவாழ்வுத் திட்டத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். காது கேட்பதில் குறை, தலைக் காயம், தூக்கமின்மை, நெரிசலில் பதற்றம் போன்றவற்றுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் தனியறையும் கேட்டுப் பெறலாம். இதை நம் பிள்ளைகள் கேட்பதில்லை. படை கற்றுத்தந்த பிடிவாதம் ஒரு பக்கம், "வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று வீடு கற்றுத்தந்தது மறு பக்கம். மனம் தாங்காத இரவுகளில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் அவர்களுக்கான உதவியாளர் பேசுவார் என்பதையாவது வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னும் பணியில் இருப்பவர்களைப் பற்றி ஒன்று. ஆறு ஆண்டு பணி முடித்து, மேலும் நான்காண்டு தொடர ஒப்புக்கொள்பவர் தம் உதவியை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றித் தரலாம். பணியில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். விலகிய பிறகு முடியாது. இதைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட குடும்பங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருப்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. கல்லூரிச் சேர்க்கை பற்றிய உங்கள் ஆண்டுக் கூட்டத்தில், எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கும் விண்ணப்பக் கட்டுரைக்கும் போகும் ஆறு மணி நேரத்தில், ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அதில் நீங்களோ நானோ பேச வேண்டாம். பக்கத்துச் சமுதாயக் கல்லூரியின் சான்றளிக்கும் அலுவலரையும், அங்கே படிக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரையும் அழையுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்கள். உங்கள் வழிகாட்டிகளிடம், "நீ ஜிஐ பில்லில் படிக்கிறாயா?" என்று முதலில் கேட்கவும், ஆம் என்றால் பாடத்தை விடுவது, மாற்றுவது, திரும்ப எடுப்பது பற்றி வாய் திறக்காமல் அந்த அலுவலரிடம் அனுப்பவும் சொல்லுங்கள். கணிதமும் இயற்பியலும் கற்பிக்கக் கூடியவர்கள் உங்கள் சங்கத்தில் பலர் இருப்பார்கள். வாரம் ஒரு மாலை படைவீரர் மையத்தில் உட்கார முடிந்தால், மாணவர் தமிழரா இல்லையா என்று பாராமல் உட்காருங்கள். 'டபிள்யூ' வேண்டிய நிலையே வராமல் காப்பது அந்த ஒரு மாலைதான்.

பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைகளுக்கு நிதி திரட்டிக் காட்டியவர்கள் நாம். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே வாடகைக்குத் தடுமாறும் சிலருக்குக் கைமாற்றாகத் தந்து திரும்பப் பெறும் ஒரு சிறு நிதியை ஒரு சங்கம் தொடங்கினாலும், அதன் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. அதற்கான பதிவும் சான்றளிப்பும் கோடையிலேயே நடப்பதால், கூட்டத்தை மே மாதத்துக்குள் வைத்தால்தான் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு சமுதாயக் கல்லூரிக் கணித ஆசிரியர்