ராஜினாமா கடிதத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆம்பூரிலிருந்து அப்பா. "இந்த ஷூ கம்பெனி வேலையை விட்டுடலாம்னு இருக்குப்பா" என்று போனில் சொன்னாய். கணக்கெல்லாம் போனில் சொன்னால் மனசில் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினார் என்பதற்காக மட்டும் விடாதே. மேனேஜர் மாறுவார். மாறாத சில விஷயங்களைப் பார்த்து முடிவு செய்.

முதலில் புது மாடல்களைச் செய்து பார்க்கும் சாம்பிள் ரூமைப் பார். லைனில் இன்று ஓடுவது சில மாதத்துக்கு முன் பிடித்த ஆர்டர். லாஸ்டிங்கில், அதாவது அச்சில் தோலை இழுத்துப் பொருத்தும் இடத்தில், ஜோடி குறையாமல் இறங்குகிறது என்று நம்பிவிடாதே. அடுத்த சீசனுக்கு வேலை உண்டா என்பதை சாம்பிள் ரூம்தான் சொல்லும். பேட்டர்ன் மாஸ்டர் புது லாஸ்ட், அதாவது ஷூ அச்சு, கேட்கிறாரா? தோல் பதனிடும் டேனரியிலிருந்து புது நிறத்தில் தோல் வருகிறதா? பையரின் ஆள் வந்து போகிறாரா? பேக்கிங்கில் நின்று அட்டைப்பெட்டி லேபிளையும் படி. எல்லாப் பெட்டியும் ஒரே நாட்டுக்குப் போகிறது என்றால் கவனமாக இரு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது நினைவிருக்கும். ஒரே பையரை நம்பிய கம்பெனிக்கும், நாலு நாட்டுக்குப் பிரித்து அனுப்பும் கம்பெனிக்கும் அந்த அடி ஒன்றுபோல் விழாது.

அடுத்து பி.எஃப். பாஸ்புக். ₹15,000-க்குக் கணக்கிட்டால் மாதம் மூன்று தொகை இருக்க வேண்டும்: உன் பங்கு 1,800, முதலாளி பங்கு 550, பென்ஷனுக்கு 1,250. இதை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பாஸ்புக்கில் ஏற இன்னும் சில நாள் பிடிக்கலாம், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, பாஸ்புக்கில் இரண்டு மூன்று மாதமாக வரவே இல்லை என்றால், உன் காசைத்தான் கம்பெனி சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே வேறு வேலை தேட ஆரம்பி.

மூன்றாவது உன் உடம்பு. பசை அடிக்கும் டேபிள் பக்கம் நிற்கிறாய். ஞாயிற்றுக்கிழமை இல்லாத தலைவலி திங்கள் மதியம் திரும்புகிறதா என்று கவனி. திரும்பினால் அது பசையில் உள்ள கரைப்பானாக இருக்கலாம். எக்ஸாஸ்டைச் சரி செய்யச் சொல், இல்லாவிட்டால் வேறு செக்‌ஷன் கேள். இரண்டும் நடக்காவிட்டால் கீழே நான் எழுதும் தேதிக் கணக்கு எதையும் பார்க்காமல் கிளம்பி வா.

அப்படி இல்லை என்றால் தேதி முக்கியம். நீ சேர்ந்தது 2022 ஜனவரி 10. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி பணத்துக்கு ஐந்து வருஷம் முடிய வேண்டும். உனக்கு அது முடிவது 2027 ஜனவரி 9. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து உனக்கு 15,600. அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 600, வருஷத்துக்கு 15 நாள் என்று பெருக்கினால் 9,000, ஐந்து வருஷத்துக்கு 45,000 ரூபாய் கிராஜுவிட்டி. நாலு வருஷமும் ஐந்தாம் வருஷத்தில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் கம்பெனி மறுத்தால் நீதான் அலைய வேண்டும். சில மாதத்துக்காக அது வேண்டாம். ஒரு மாத நோட்டீஸ்தானே என்று டிசம்பரிலேயே கடிதம் கொடுத்துவிடாதே. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று முன்கூட்டியே அனுப்பிவிட்டால் ஐந்து வருஷம் முழுசாக நிரம்பாது. ஜனவரி 11 திங்கட்கிழமை கொடு.

அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டை நினைத்துத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலை வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கணக்கில் 78 நாளுக்குச் சந்தா ஏறியிருந்தால், வேலையை விட்டாலும் அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை வைத்தியம் உண்டு. அதற்கு முந்தைய கணக்கை வைத்து ஜூன் வரைக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ஜனவரியில் நீ கடிதம் கொடுத்தாலும் 2027 டிசம்பர் 31 வரை அம்மாவுக்கு மாத்திரை கிடைக்கும்.

கடிதம் நாலு வரி போதும். காரணம் எழுதாதே, கோபம் எழுதவே எழுதாதே. கடைசி வேலை நாளைத் தேதியோடு போடு. மெயிலிலும் அனுப்பு, காகிதத்திலும் கொடுத்து நகலில் சீலும் கையெழுத்தும் வாங்கு. கணக்கு முடிக்கிறோம் என்று தொகை எழுதாத வவுச்சரை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பிறகு எந்த எண்ணையும் நிரப்பிக்கொள்ளலாம். தொகையை எழுத்தாலும் எழுதிய பிறகு போடு. அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் லெட்டரும் கையில் வாங்கு. வரி பிடித்ததற்கான ஃபார்ம் 16 வருகிற மாதிரி இருந்தால் அதையும் கேட்டு வை.

பி.எஃப். பணத்தை மட்டும் தொடாதே. ஐந்து வருஷம் முடிவதற்குள் எடுத்தால் வரி வரும், அதையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது: பென்ஷனுக்குப் பத்து வருஷ சேவை வேண்டும், ஜனவரியில் அதில் பாதி ஆகிவிடும். புது கம்பெனிக்கு உன் பி.எஃப். கணக்கின் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பணத்தை அங்கே மாற்றிக்கொள். பழைய கம்பெனி வேலை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழித்து நீயே இணையத்தில் அந்தத் தேதியைப் போட்டுவிடலாம்.

வரும் ஞாயிறு ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பும்போது அப்பாயின்மெண்ட் ஆர்டரை எடுத்து வா. நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா என்று அதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அப்பா