பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்க ஒரு திடல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

மட்டக்களப்பு, கல்லடியில் பற்றை மண்டிக் கிடக்கும் பொதுக்காணியொன்றை, உடற்பருமன் கூடிய பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக நடக்கவும் விளையாடவும் ஏற்ற திடலாக்க எமது குழு முன்வந்துள்ளது. இதற்கு உங்கள் உதவியை நாடுகின்றோம்.

5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்றும், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. எமது பிள்ளைகள் பலரோ பாடசாலை விட்டதும் மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குச் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பிள்ளையை மட்டும் ஓடச் சொல்லிவிட்டுத் தாய் தந்தையர் கதிரையில் அமர்ந்திருந்தால் அப்பழக்கம் நிலைப்பது அரிது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தொலைக்காட்சியின் முன் இருந்து உண்ணும் குடும்பம், எழுந்து நடப்பதையும் சேர்ந்தே தொடங்க வேண்டும் என்பது எமது உறுதியான எண்ணம்.

கடற்கரை இருக்கின்றதே எனச் சிலர் கேட்கின்றனர். கால் புதையும் மணலில் பாரமான உடலோடு நடப்பவருக்குக் கணுக்காலும் முழங்காலும் விரைவில் நோகும். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரத்திலும் மணல் சுடும். வீதியோரம் நடப்பதற்கோ, பார்ப்போரின் பேச்சுக்கு அஞ்சித் தாய்மார் பலர் தயங்குகின்றனர், அத்தயக்கம் நியாயமானது. எனவே கிரவல் இட்டு இறுக்கிய நடைபாதை, மறைப்பு வேலி, மின்விளக்குகள், இடைக்கிடை இளைப்பாற வாங்குகள், நிழலுக்கு வேம்பு ஆகியவற்றை அமைக்கவுள்ளோம்.

நடுவே, கோடுகளில் நின்று மறிப்போரிடம் அகப்படாமல் மற்றவர்கள் கடந்து ஓடும் கிளித்தட்டு விளையாட்டுக்குக் கோடுகள் வரையப்படும். தட்டில் நின்று மறிப்பவர் நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை; கோட்டோடு பக்கவாட்டில் நகர்ந்து கையை நீட்டினால் போதும் என்பதால், பருத்த உடலுள்ள தந்தை மறித்து நிற்க, மகள் நழுவி ஓடலாம். திடலில் எடை பார்க்கும் தராசு வைப்பதில்லை என்றும், எவருடைய உருவத்தையும் கேலி செய்ய இடமளிப்பதில்லை என்றும் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் உள்ளோர் வைத்தியரைக் கேட்ட பின் தொடங்குவது நல்லது.

மாரி தொடங்குமுன் பாதை இறுகாவிட்டால் கிரவல் கரைந்துவிடும் ஆதலால், நிலத்தை மட்டப்படுத்தும் வேலைக்கே முதலில் பணம் தேவைப்படுகின்றது. காசாகத் தர இயலாதோர் ஒரு லோட் கிரவல், சீமெந்து, மரக்கன்று எதையேனும் தரலாம், சிரமதானத்துக்கும் வரலாம். புலம்பெயர்ந்து வாழும் எம்மூர் உறவுகளையும் அன்போடு அழைக்கின்றோம். ஒவ்வொரு நன்கொடைக்கும் பொருளாளர் பற்றுச்சீட்டு வழங்குவார். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

இவ்வண்ணம்,
திடல் அமைப்புக் குழுவினர்,
கல்லடி, மட்டக்களப்பு.