தாள் எந்த மேசையில் நிற்கிறது?

பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளைகளுக்கும், விடைத்தாள் திருத்தும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். இறுதியாண்டுப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, பெறுபேறு இன்னும் வராமல் திருகோணமலையில் வீட்டோடு இருக்கும் ஒருவன் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவை எல்லாம் தப்பித்துவிடும்.

காத்திருப்பது எங்கள் பட்ச்சுக்குப் புதிதல்ல. 2020 ஒக்டோபரில் கொரோனாவுக்கு நடுவே உயர்தரம் எழுதினோம்; பெறுபேறு 2021 மே மாதம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கிற நேரம் 2022இன் எரிபொருள் வரிசை. அப்புறம் 2024 மே 2இல் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். அதற்கெல்லாம் யாரையும் குறை சொல்லவில்லை. இந்தத் தாமதத்துக்கு மட்டும் ஒரு காரணமும் சொல்ல ஆளில்லை.

ஒரு தாள் எப்படி நகரும் என்று எங்களுக்கும் தெரியும். முதல் பரீட்சகர் திருத்துவார், இரண்டாமவர் பார்ப்பார். ஆய்வறிக்கைப் புள்ளி வந்து சேர வேண்டும். பரீட்சகர் சபை கூட வேண்டும், கடைசியில் பல்கலைக்கழகத்தின் மூதவை, அதாவது செனட், உறுதிப்படுத்த வேண்டும். இருவர் திருத்துவது எங்களுக்குத்தான் பாதுகாப்பு, அதில் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு பாடத்தின் தாள்கட்டு ஒருவருடைய மேசையில் தங்கினால் முழு பட்ச்சும் தங்கிவிடுகிறது. அது எந்தப் பாடம் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்தாலும் வாய் திறக்க முடியாது. நாளைக்கு அதே சேரிடம்தான் பரிந்துரைக் கடிதத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியில் வேலை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியன்று தகைமைகள் எல்லா வகையிலும் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பெறுபேறு அதற்கு ஒரு வாரம் பிந்தி வந்தாலும் வராததுதான். அதே பதவிக்கு அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது என்று எவருக்கும் தெரியாது. வயதெல்லை மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் சீசனுக்கு வரவேற்பில் நிற்கிறான் என் நண்பன். ரிசல்ட் வந்ததும் போய்விடுவான் என்று அங்கே அவனை நிரந்தரமாக்கவும் மாட்டார்களாம்.

மீன் வாங்கப் போனால், "ரிசல்ட் வந்திட்டா தம்பி?" என்று தெரிந்த மாமிமார் கேட்கிறார்கள். இல்லை என்றதும் ஒரு பார்வை. பாவம் பெயில் போல, மறைக்கிறான் என்று அதற்கு அர்த்தம். வட்ஸ்அப் குழுவில் "செனட் வியாழக்கிழமையாம்" என்று ஒருவன் போடுவான்; அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. வியாழன் போய்விடும், அடுத்த வியாழனுக்கும் அதே செய்தி. கிளைக்குப் போன் எடுத்தால் "விரைவில்" என்கிறார்கள். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். எனக்காக என்று நினைத்தேன். "நீ எழுதினது எழுதினதுதானே, அந்த சேர் திருத்தி முடிக்கட்டும் என்றுதான்" என்றார். ஆகவே உங்களில் ஒருவர் பெயர் நட்சத்திரம் தெரியாமலே அம்மனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாணவர் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று போடுங்கள்: முதல் திருத்தத்திலா, இரண்டாமவரிடமா, சபைக்குப் போய்விட்டதா. ஆள் பெயர் வேண்டாம். சபை முடிந்தால், மூதவை உறுதிப்படுத்தும்வரை தற்காலிகம் என்று எழுதியே பெறுபேற்றை விடுங்கள். விண்ணப்பத்துக்குக் கடிதம் கேட்பவரை நேரில் வரச் சொல்லாதீர்கள். இங்கிருந்து கொழும்புக்கே 250 கிலோமீற்றருக்கு மேல். ஒரு கடிதத்துக்காக இரவு பஸ்ஸில் ஏறி, விடிய வந்து கவுண்டர் திறக்கும்வரை நின்று, "கையெழுத்து வைக்கிறவர் இன்றைக்கு லீவு" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாமே.

பிந்துவதென்றால் பிந்தட்டும். எதுவரை பிந்தும் என்று ஒரு திகதி அறிவியுங்கள். எங்கள் மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் உங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லி ஒவ்வொரு வருடமும் தவறாமல் அவற்றுக்குத்தான் அனுப்பினீர்கள்.

இப்படிக்கு,
படித்து முடித்தும் பட்டதாரி ஆகாத ஒருவன்,
திருகோணமலை.