எட்டு விநாடி வேலைக்கு மூன்று வாரம் காத்திருந்தவனின் நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை சீசன் தவிர மற்ற நாட்களில் மதியத்துக்கு மேல் மூன்றும் சும்மாதான் கிடக்கும். அந்த நேரத்தில் ஜெனீவாவில் இருக்கிற செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்காக அவை கணக்குப் போடும்படி விட்டிருக்கிறேன். போன வாரம் என் கணக்கில் நிலுவையாக நின்ற கடைசி டாஸ்க்கும், அதாவது அவர்கள் அனுப்பும் கணக்கு வேலையும், 'வேலிட்' (விடை சரி) ஆகிவிட்டது. அது ஆகும்வரை எனக்குக் கை கொடுத்தவர்களுக்குத் தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன். தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கதை செட்டி அட் ஹோமில் தொடங்கியது. 1999-ல் பெர்க்லியில் தொடங்கிய திட்டம் அது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளில் வேற்றுலக சமிக்ஞை இருக்கிறதா என்று நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டு தேடினார்கள். பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரி, "வீட்டுல செடியா? நல்லதுதானே" என்றாள். விளக்கிச் சொன்ன பிறகு அவளுக்கு அவ்வளவு நல்லதாகத் தெரியவில்லை. 2020 மார்ச் 31-ஓடு அவர்கள் புது டாஸ்க் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட திட்டங்களின் வேலையை வாங்கி ஓட்டுகிற பாயிங்க் மென்பொருள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்ததால், அதிலேயே செர்னின் எல்எச்சி அட் ஹோம் திட்டத்தைச் சேர்த்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே சிக்ஸ்ட்ராக் என்ற நிரலுக்கான வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று.

சிக்ஸ்ட்ராக் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செர்னில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் எல்எச்சி என்ற வளையம் இருக்கிறது. அதற்குள் புரோட்டான் என்ற நுண்துகள்கள் ஒரு விநாடிக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றும். வழிநடத்துகிற காந்தங்களில் ஒன்றுகூட நூறு சதவீதம் சுத்தமாக இருக்காது, எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் குறை உண்டு. அந்தக் குறைகளோடு துகள் நிலையாகச் சுற்றுமா, விலகிப் போய்விடுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டாஸ்க்கில் 60 துகள்களை 1 லட்சம் சுற்று விடுவார்கள், சில சமயம் 10 லட்சம். நிஜ வளையத்தில் 10 லட்சம் சுற்று ஒன்றரை நிமிஷம். என் கடைக் கம்ப்யூட்டருக்கு அதுவே மணிக்கணக்கு.

சேர்ந்த புதிதில் மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை. 'டாஸ்க் எதுவும் இல்லை' என்ற ஒரே வரிதான். நானும் கடைப் பொண்ணும் மாற்றி மாற்றி அப்டேட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்போம். ரொம்ப அவசரமாக அமுக்கினால் 'இப்போதுதானே கேட்டாய்' என்கிற மாதிரி சர்வர் பதில் சொல்லும். ஒரு நாள் ராத்திரி கடை சாத்தப் போகும்போது ஒன்று வந்தது. இரும்பு ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. எட்டு விநாடி! ரேம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

முதல் நன்றி பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற தம்பிக்கு. மறுநாள் டீக்கு வந்தவனிடம் புலம்பினேன். கம்ப்யூட்டரின் லாக் பதிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, உங்க மிஷின் நல்லாத்தான் இருக்கு. துகள்தான் சுவத்துல முட்டிருச்சு." விளிம்பில் தொடங்கிவிடுகிற துகள்கள் சில சுற்றிலேயே தொலைந்துவிடுமாம். தொலைந்த பிறகு கணக்குப் போட ஒன்றும் இல்லை. எங்கே தொடங்கினால் தொலையும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய பதிலே. எட்டு விநாடியில் அதைக் கொடுத்துவிட்டேனாம். அன்றைக்கு டீக்காசை நான்தான் கொடுத்தேன், வடையும் சேர்த்து.

டாஸ்க் இருந்தும் 'இல்லை' என்று வருவது ஏன் என்பதையும் அவன்தான் ரேஷன் கடையை வைத்து விளக்கினான். குடோனில் மூட்டை இருக்கும். ஆனால் கவுண்டரில் எடை போட்டு வைத்த பைகளைத்தான் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். சர்வரிலும் அப்படி ஒரு கவுண்டர் இருக்கிறது, ஃபீடர் என்று பெயர். வழக்கமாக அதில் 100 இடம். சில விநாடிக்கு ஒருமுறை நிரப்புவார்கள். நாம் கேட்ட நொடியில் காலியாக இருந்தால் இல்லை என்றுதான் பதில் வரும். நம் பக்கம் பாயிங்க்கும் ஒவ்வொரு 'இல்லை'க்கும் அடுத்துக் கேட்பதை இரட்டிப்பு நேரம் தள்ளிப்போடும், கடைசியில் ஒரு நாள் வரைகூடப் போய்விடும். அப்டேட்டை அமுக்கினால் அந்தத் தள்ளிவைப்பு அழிந்துபோகும். ஆக காலையில் கடை திறந்ததும் ஒருமுறை அமுக்கினால் போதும், நாள் முழுக்கத் தட்டுவதால் சர்வருக்குத்தான் பாரம். கடைப் பொண்ணுக்கு அன்றோடு விடுதலை.

அப்புறம் அவன் சொன்ன இன்னொரு வழி, இன்று வரை மாற்றவில்லை. ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற இன்னொரு திட்டத்தையும் பாயிங்க்கில் சேர்த்து, கம்ப்யூட்டர் நேரத்தில் அதன் பங்கை 0 என்று வைத்துவிட்டோம். அப்படி வைத்தால் வேறு எங்கும் வேலை கிடைக்காமல் பிராசஸர் கோர் சும்மா இருக்கும்போது மட்டும் அங்கிருந்து ஒன்று வாங்கும், சேர்த்து வைக்காது. எல்எச்சியில் வேலை வந்த நேரம் இடம் காலியாக இருக்கும். ஐன்ஸ்டைனும் சாதாரணத் திட்டம் இல்லை. அரெசிபோ தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து 2010-ல் ஒரு பல்சாரையே (துடிப்பு விண்மீன்) கண்டுபிடித்தது நம்மைப் போன்றவர்களின் கம்ப்யூட்டர்கள்தான்.

இனி மன்னிப்பும் நன்றியும் சேர்ந்த பகுதி. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் எனக்கு ஆசை விடவில்லை. 'பத்து நாள் வேலையைச் சேர்த்து வை, கூடுதலாக இன்னொரு பத்து நாள்' என்று அமைப்பை மாற்றிவிட்டேன். ஒரு ராத்திரி செர்னில் யாரோ பெரிய ஆய்வு ஒன்றைப் போட்டுவிட்டார்கள் போல. காலையில் பார்த்தால் மூன்று மிஷினிலும் சேர்த்து நூற்றுக்கு மேல். ஊரில் குலதெய்வக் கொடை. பெருமையோடு கிளம்பிப் போனேன். ஐந்து நாள் கழித்து வந்தால் கடையில் மீட்டர் போர்டு கருகிக் கிடக்கிறது. ஆள் கிடைத்துச் சரிசெய்ய இன்னொரு வாரம். எல்லா டாஸ்க்கும் கெடு தாண்டிவிட்டது.

சிக்ஸ்ட்ராக்கில் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். அந்த இன்னொருவரை விங்மேன் என்பார்கள். என் விங்மேன்கள் ஒழுங்காக முடித்து அனுப்பிவிட்டு, என் விடைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கெடு முடிந்த பிறகு சர்வர் மூன்றாவது ஆளைப் பிடித்து அதே வேலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேலையே கிடைக்காமல் உலகம் முழுக்க எத்தனையோ மிஷின் காத்திருக்கும்போது, நான் பதுக்கி வைத்துப் பாழாக்கியிருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஒரு பெரியவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏதும் ஆகிவிட்டதா, உதவி வேண்டுமா என்றுதான் கேட்டிருந்தார். ஐயா, உங்களுக்கும், பெயர் தெரியாத அந்த மூன்றாவது ஆட்களுக்கும் கை கூப்புகிறேன். இப்போது அரை நாள் வேலைக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. உங்களுக்கு அனுப்பிய கடலை மிட்டாய் உடையாமல் வந்து சேர்ந்ததா என்று தெரியப்படுத்தவும்.

நான் நேரில் பார்க்கவே போகாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். என் ஓட்டை மிஷின் போடுகிற கணக்கும் அந்தப் பெரியவரின் புது மிஷின் போடுகிற கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். சைன், லாக் மாதிரி கணக்குகளில் மிஷினுக்கு மிஷின் கடைசி பிட் மாறும். லட்சக்கணக்கான சுற்றில் அந்த ஒரு பிட் வளர்ந்து விடையையே வேறாக்கிவிடும். செர்னில் எரிக் மெக்கின்டோஷும் அவருடைய சகாக்களும் விடாமல் இதன் பின்னால் நின்று, பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் எழுதிய சிஆர்லிப்எம் என்ற கணித நிரல் தொகுப்பைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். அது இல்லாவிட்டால் கோவில்பட்டி விடையை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் மிஷின் சூடேறித் தப்பு விடை கொடுக்கத் தொடங்கியபோது, ஃபேனைக் கழற்றித் தூசி தட்டி, பேஸ்ட் மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிற வீட்டுக்காரிக்கு அதைவிடப் பெரிய நன்றி.

ஏன் வேலை அடிக்கடி வருவதில்லை என்று இப்போது நான் கேட்பதில்லை. ஒரு கட்டு அனுப்புகிறார்கள், விடை வந்ததும் உட்கார்ந்து படிக்கிறார்கள், யோசித்து அடுத்த கட்டு போடுகிறார்கள். அவர்கள் யோசிக்கிற நேரத்தில் நமக்கு வேலை இருக்காது. எனக்கும் அப்படித்தான், புரூஃப் பார்க்க வாங்கிப் போனவர் திருப்பிக் கொண்டு வந்தால்தானே அடுத்த பக்கத்தை அடிக்க முடியும்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மிஷினில் இரண்டு டாஸ்க் வந்திருக்கிறது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று முடிந்துவிட்டது, பதினொரு விநாடி.

அன்புடன்,
கோவில்பட்டி ஜெராக்ஸ் கடைக்காரன்