கோமதிக்கு, மூச்சைப் பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கல்லிடைக்குறிச்சியில் பிசான நடவு முடிந்தது என்று எழுதியிருந்தாய். இங்கே பாளையங்கால்வாயும் நிறைந்து ஓடுகிறது. அண்ணாச்சிக்கு இரைப்பு குறைந்ததே, அதுதான் பெரிய நிம்மதி.

இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று கழுத்தில் குழாய் விடாமல் அளக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். முடியும். இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தினேன், நிமிஷத்துக்கு 5 லிட்டர் என்று போர்டில் எழுதிப்போட்டேன். அதை எப்படி அளந்தார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை. இப்போது மருத்துவம் படிக்கும் பேத்திதான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

உங்கள் களத்தையே நினைத்துக்கொள். ஒவ்வொரு லாரியும் 150 மூடையோடு வருகிறது, 200 மூடையோடு போகிறது. களத்தில் 250 மூடை குறைந்திருந்தால் 5 லாரி போயிருக்கிறது. வாசலில் நின்று எண்ண வேண்டாம். 1870இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் சொன்ன கணக்கு இதுதான். களம் நுரையீரல், மூடை ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருக்கிறவர் நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் எடுக்கிறார். ஒரு லிட்டர் ரத்தம் 150 மில்லியோடு வந்து 200 மில்லியோடு திரும்புகிறது. ஆனால் அந்த 150ஐத் தெரிந்துகொள்ள இதயத்தின் வலது பக்கத்து ரத்தம் வேண்டும். குழாய் விடுவது அதற்காகத்தான்.

மூச்சை வைத்து அளக்கும் முறை இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. மூக்கில் கிளிப், வாயில் குழாய், எதிரே ஒரு ரப்பர் பை. பையில் ஆக்சிஜனோடு மிகக் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் அதே சிரிப்பு வாயு. பை ஒட்டிப்போகும்வரை உள்ளிழுத்து, திரும்ப அதற்குள்ளேயே விட வேண்டும். அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த வாயு ரத்தத்தில் கரையும். ரத்தம் வேகமாக ஓடினால் பையில் அது வேகமாகக் குறையும். கரையாத இன்னொரு வாயுவும் கூட இருக்கும், பையும் நுரையீரலும் சேர்ந்து எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க. கோபன்ஹேகனில் குரோ, லிண்ட்ஹார்ட் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் 1912இலேயே நைட்ரஸ் ஆக்சைடை வைத்து இப்படி அளந்திருக்கிறார்கள், நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

ஒன்று மட்டும். காற்றைத் தொடாமலே நுரையீரலைத் தாண்டிப்போகும் ரத்தம் இந்தக் கணக்கில் வராது. நுரையீரல் கெட்டிருந்தால் அது கூடும், அளவு குறைத்துக் காட்டும். அண்ணாச்சிக்குப் பழைய ஆஸ்துமா உண்டே, டாக்டரிடம் மறக்காமல் சொல். இதயத்தை ஸ்கேன் பண்ணும் எக்கோவே போதும் என்று அவர் சொன்னால் சரி என்று விட்டுவிடு.

அப்புறம், தைப்பூசத்துக்கு ரெண்டு பேரும் வாருங்கள். அண்ணாச்சி படியேற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
காந்திமதி