டான்சில் இல்லாத பையன்: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் ஃபைலின் முதல் பக்கத்தில் 'எக்ஸ் லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா' என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது வாயில் நுழையாது. கேட்பவர்களிடம், கிருமியை எதிர்க்கிற புரதம் அவன் ரத்தத்தில் ஊறவில்லை என்று சொல்லிவிடுவோம்.

ஆறு மாதம் வரை கொழுகொழுவென்றுதான் இருந்தான். வயிற்றில் இருந்தபோதே என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட எதிர்ப்புப் புரதம் அதுவரை தாக்குப்பிடித்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏழாம் மாதம் காதில் சீழ். அப்புறம் சளி, காய்ச்சல், மறுபடி காது. நான்கு வயதுக்குள் மூன்று நிமோனியா, அதில் இரண்டு ஒரே வருடத்தில். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனை, புதுச் சீட்டு, புது ஆன்டிபயாட்டிக். வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "குளிர்ச்சியா எதுவும் குடுக்காதீங்கம்மா." ஃபிரிட்ஜை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தோம்.

கண்டுபிடித்தவர் ஓர் இளம் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "டான்சில் ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் பார்த்தார். டான்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இந்த நோய் இருந்தால் டான்சில் சரியாக வளராது என்பது பின்னால்தான் தெரிந்தது. பிறகு, கூட வந்திருந்த என் அம்மாவிடம் திரும்பி, "உங்க வழியில ஆம்பளைப் பிள்ளை யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "இவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான் சார். மூணு வயசுல நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டான். என் தம்பியும் அப்படித்தான் போனான்."

அண்ணன் இறந்தது எனக்குத் தெரியும். ஆனால் என்ன வந்து இறந்தான் என்று எங்கள் வீட்டில் பேசியதே இல்லை. அந்த நான்கு வருடத்தில் எத்தனையோ சீட்டில் எத்தனையோ விவரம் கேட்டு எழுதினார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்த நோய் தாய் வழியாக வருவது. சுமக்கும் பெண்ணுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஊரில் பேசினார்கள். சொந்தத்தில் கட்டினால் கூடுகிற நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் உண்டுதான்; இது அந்த வகை இல்லை. போகட்டும், நாங்கள் சொந்தத்தில் கட்டவும் இல்லை.

அன்று எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதங்கள் மூன்றுமே அடிமட்டத்தில் இருந்தன. ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் 1952இல் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கண்டு எழுதிய நோய் இது. காரணமான மரபணுவை 1993இல் பிடித்துவிட்டார்கள். என் மகனுக்குத் தேவைப்பட்டது ஒரு சிரிஞ்சு ரத்தமும், அதை எடுக்கச் சொல்ல ஓர் ஆளும்தான்.

இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஐ.வி.ஐ.ஜி. ஏற்றுகிறோம். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்தான் அந்த மருந்து. அவன் எடைக்கு 10 கிராம். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். வேகமாக விட்டால் குளிர் நடுக்கமும் தலைவலியும் வரும் என்பதால் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியப் பாதி நாள் ஆகிவிடும். எந்தக் கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போடலாம் என்று நர்ஸுக்கு அவனே நரம்பைக் காட்டிக்கொடுப்பான். விலையைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டிய மடல்.

மருந்து தொடங்கிய பிறகு நிமோனியா வரவில்லை. ஆனால் அதற்கு முன்பே இடது நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் விரிந்துவிட்டன. அது இனிமேல் பழையபடி ஆகாது. தினமும் காலையில் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இறக்குகிறேன். அந்த நேரத்தில்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்.

இன்னொன்று, போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸ். மற்ற குழந்தைகளுக்கு அது நல்லது, கட்டாயம் போட வேண்டும். இவனைப் போன்றவர்களுக்கு அதனாலேயே வாதம் வரலாம். மாதக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டும் இருக்கலாம். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வந்த முகாமன்று, பேருந்து நிலையத்தில் இவன் சுண்டு விரலில் மை இல்லாததைப் பார்த்து ஓர் அங்கன்வாடி அக்கா பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றதும், வாட்ஸ்அப் வதந்தியை நம்புகிற ஆள் என்று நினைத்து எனக்குப் பாடமே எடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஃபைலைக் காட்டினேன், அவருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கம்மா" என்றார். நல்ல யோசனைதான். இப்போது பர்ஸிலேயே இருக்கிறது.

ஒரே வருடத்தில் இரண்டாவது நிமோனியாவோடு ஒரு குழந்தை வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் டார்ச்சை டான்சில் பக்கம் ஒருமுறை திருப்புங்கள். குழந்தையின் அம்மாச்சி கூட வந்திருந்தால் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வந்திருக்காவிட்டால் போன் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

என் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். பிறந்ததும் ஐ.ஜி.ஜி. பார்த்தால் தாயிடமிருந்து வந்ததுதான் தெரியும், அந்தப் புரதம் உருவாகக் காரணமான பி செல் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். பையனாக இருந்தால் அந்த ரிசல்ட் வரும்வரை சொட்டு மருந்து வேண்டாம் என்று அவள் சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தாய்